வயர்லெஸ்ஸில் கேட்ட பெரட்டு

கிளிநொச்சி,
12.02.2024

அன்புள்ள தம்பி சுந்தரலிங்கத்துக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் இருக்கிறாய் என்பதைப் பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நேற்று கோயில் முன்னால், காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டு நாங்கள் போட்டிருக்கும் போராட்டக் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து வீட்டு நிஷாந்தி ஒரு பத்திரிகையை மடித்து என் மடியில் வைத்தாள். "பெரியம்மா, இது உங்கட தம்பி எல்லோ?" என்று போனில் எழுதிக் காட்டினாள். ஹட்டனில் ஏதோ ஒரு மண்டபம். நெஞ்சில் பதக்கம் குத்திய ஓய்வுபெற்ற இராணுவக்காரர்கள் ஒரு வரிசை. ஓரத்தில் நீ. கோட்டுப் பொத்தான் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, படத்தில் விழாமல் இருந்தால் நல்லது என்ற முகத்தோடு நிற்கிறாய். 'படைவீரர்களின் வாழ்க்கைக் கதைகளை ஒலிப்பதிவு செய்யும் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர்' என்று கீழே போட்டிருக்கிறார்கள்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டச் சொன்னால் பயத்தில் சேற்றில் போட்டவன் நீ. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பத்திரிகைக்குக் கீழே, என் மடியில், என் மகன் ஜீவராஜின் படம் இருந்தது. காது போன பிறகு அதிர்ச்சி எனக்குச் சத்தமாக வருவதில்லை. பத்திரிகையை உருவி அவன் படத்துக்குக் கீழே வைத்தேன். நிஷாந்தி தண்ணீர் வாங்கிவர ஓடினாள்.

பொங்கலுக்கு எழுதிய கடிதத்தில் கரட் விலை எழுதினாய், மழை எழுதினாய், முழங்கால் வலிக்கு என்ன எண்ணெய் என்றுகூட எழுதினாய். இதை எழுதவில்லை. என் மகனைத் தேடி நான் தெருவில் இருக்கிறேன். என் கூடப் பிறந்தவன் அவர்களுடைய பெருமையை எழுதி வைக்கிறான்.

நிஷாந்தியின் போனுக்குச் செய்தி அனுப்பாதே. அதில் சண்டை போட முடியாது. கையால் எழுது.

உன் அக்கா,
சீதாலெட்சுமி


மஸ்கெலியா,
20.02.2024

என் மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தபாற்காரர் கையிலேயே பிரித்துவிட்டேன். பிரித்திருக்கக் கூடாது. மிச்ச வீடுகளுக்குப் போகாமல் அவர் என்னைப் பிடித்து வாசற்படியில் உட்கார வைத்தார்.

வரிசையாகப் பதில் எழுதுகிறேன். வரிசையாக எழுதினால் எனக்குப் பயம் கொஞ்சம் குறைகிறது.

இது தொடங்கி இரண்டு வருடமாகிறது. எங்கள் தோட்டத்து நிரோஷன் இராணுவத்தில் ஒரு காலை இழந்து வந்தவன். அவன் செத்த வீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். எந்த ஊரில் அவனுக்குக் கால் போனது என்று அவன் மனைவிக்குக்கூடத் தெரியவில்லை. யாரும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. அதற்குப் பிறகுதான் ஹட்டனில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து, மலைநாட்டிலிருந்து படைக்குப் போய்வந்தவர்களின் குரலைப் பதிவு செய்து வைப்போம் என்று முடிவு செய்தோம். தோட்டத்துத் தமிழர்களும் உண்டு, பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர்களும் உண்டு. எனக்கு இரண்டு பாஷையும் வரும் என்பதால் பதிவு வேலை என் தலையில் விழுந்தது.

இது பெருமை எழுதும் வேலை இல்லை அக்கா. நாங்கள் கேள்வி கேட்பதில்லை. "சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வோம். சொன்னவர் பிறகு எதையாவது எடுத்துவிடச் சொன்னால், அன்றைக்கே, அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுவோம். அந்த ஒரு வாக்கை நம்பித்தான் அவர்கள் வாயைத் திறக்கிறார்கள். கினிகத்தேனையில் ஒரு சிங்களக் கோப்ரல் ஒரு மத்தியானம் முழுவதும், பதுங்குகுழியில் தன்னோடு இருந்த நாயைப் பற்றியே பேசினார். நாயின் பெயரைச் சொன்னபோது அழுதார். கூட இருந்த மனிதர்களின் பெயரைக் கடைசி வரை சொல்லவில்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. பதிந்து வைத்திருக்கிறேன்.

உங்களிடம் ஏன் மறைத்தேன் என்பதற்கு நல்ல காரணம் ஒன்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. பயம்தான். நான் செய்வது சரி என்று உங்களிடம் வாதாடவும் எனக்குத் தைரியம் இல்லை.

உங்கள் தம்பி,
சுந்தரலிங்கம்


கிளிநொச்சி,
01.03.2024

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பொறுமையாகத்தான் படித்தேன். கோபம் குறையவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. நீ இத்தனை பேரோடு உட்கார்ந்து பிளேன்டீ குடித்து நாய்க் கதை கேட்டிருக்கிறாய். ஒருவரிடமாவது, "என் அக்கா மகன் ஒருவன் இருந்தான், தெரியுமா?" என்று கேட்டாயா?

கேட்டிருக்க மாட்டாய். கேள்வி கேட்கக் கூடாது என்று உனக்கு ஒரு சட்டம் கிடைத்திருக்கிறது. உனக்கென்றே செய்த சட்டம்.

உனக்குத் தெரிந்ததுதான், திரும்ப எழுதுகிறேன். எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு இங்கே வந்தோம். உன் அத்தான் இங்கே கிடந்து கூலி வேலை செய்தே செத்தார். அடுத்தாற்போல வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் ஜீவராஜைக் கொண்டுபோனது. போரின் கடைசி வருடம் தை மாதத்தில் ஒரு தரம் வந்தான். சாப்பிட்டான், போனான். வைகாசியில், எல்லாம் முடிந்த அன்று, சரணடைந்தவர்களோடு அவன் பஸ்ஸில் ஏறியதைக் கண்ணால் கண்டேன் என்று ஒருத்தி சொல்கிறாள். அது அவன் இல்லை என்று இன்னொருத்தி சொல்கிறாள். இரண்டு பேரும் இன்றைக்கும் என் பக்கத்தில்தான் கூடாரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் எந்தப் பக்கம் திரும்புவது?

நீ எழுதி வைக்கும் ஆட்களுக்கு ஏதாவது தெரிந்திருக்கும். என் மகன் இருக்கிறானா, இல்லையா? எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். கேள். கேட்க முடியாதென்றால் இனிமேல் கரட் விலையும் எழுதாதே.

சீதாலெட்சுமி


மஸ்கெலியா,
19.03.2024

என் அன்பான அக்காவுக்கு,

இதைப் படிக்கும்போது நிஷாந்தியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்கவில்லை. கேட்காமலே வந்தது.

போன வெள்ளிக்கிழமை உடப்புசல்லாவைக்குப் போனேன். கோகுலராஜ் என்பவரைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. தோட்டத்துப் பையனாகப் பிறந்து, சிங்களப் பாடசாலையில் படித்து, இராணுவத்தில் சேர்ந்து, இப்போது ஓய்வூதியத்தோடு மரக்கறி லொறி ஓட்டுகிறார். ஐம்பது வயது இருக்கும். வாயாடி. நான் கருவியை எடுத்து வைத்ததுமே ஆரம்பித்துவிட்டார். அவர் பேசியதை அப்படியே தருகிறேன். மாற்றி எழுத எனக்கு இப்போது தெம்பு இல்லை.

"சேர், நான் துவக்குத் தூக்குனதைவிட ஹெட்போன் மாட்டுனதுதான் அதிகம். தமிழ் தெரியும்ல? அவங்க வயர்லெஸ்ல பேசுறதைக் கேட்டு எழுதிக் குடுக்கணும். அதான் வேலை. ஒரு மொகம் தெரியாது. கொரல் மட்டும்தான். எவனுக்குச் சளி, எவன் பொண்டாட்டிகூடச் சண்டை, அத்தனையும் தெரியும். எல்லாம் வடக்குப் பேச்சு. மொத வருசம் பாதி வெளங்காது. அப்ப ஒருநா காலையில, அவங்க செட்டு வேலை செய்யுதான்னு ஆளாளுக்கு ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுறாங்க. நடுவுல ஒருத்தரு கத்துறாரு: 'ஏய், பெரட்டுக்கு நிக்கிற மொகரையாடி இது?' சேர், எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு! எங்க தோட்டத்துல விடியக்காலம் பேர் கூப்புட்டு வேலைக்கு ஆள் பிரிப்பாங்களே, அந்தப் பெரட்டுக்களத்துல கொண்டாந்து நிறுத்துன மாதிரி ஆயிருச்சு."

பிறகு அவர் அந்தக் குரலையே பேசிக் காட்டினார். இரண்டு வருடம் கேட்ட குரல், தனக்கு மனப்பாடம் என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

"மூக்காயி!... ம்... கொழுந்தெடுக்கப் போறியா, கல்யாணத்துக்குப் போறியா? தலையில பூவைப் பாரு. அஞ்சலை! அடியே அஞ்சலை!... என்னது, காய்ச்சலா? நேத்து மஸ்கெலியா பஸ்ஸுல பாத்தேனே, அது என்ன உன் ஆவியா?... அரைப்பேருதான் இன்னைக்கு... அழுதியன்னா கால்பேரு!"

அக்கா, ஒரு நாள் முழுச் சம்பளத்துக்குப் பேர், பாதிச் சம்பளத்துக்கு அரைப்பேர் என்று எல்லாத் தோட்டத்திலும் உண்டு. கால்பேர் எங்கேயும் கிடையாது. அது அத்தான் கங்காணியாக இருந்தபோது தானாகக் கட்டிய வேடிக்கை. வரிசையில் முதலில் மூக்காயி, அடுத்து அஞ்சலை. பள்ளிக்கூடம் போகும் வழியில் பெரட்டுக்களத்தின் ஓரத்தில் நின்று எத்தனை காலை நான் இதைக் கேட்டிருக்கிறேன்! அந்த இழுவை, அந்தச் செல்லக் கோபம். ஒரு அந்நியர் வீட்டுக் கூடத்தில், ஒரு இராணுவக்காரர் வாயிலிருந்து, செத்துப்போன அத்தான் பேசினார். கருவி ஓடுகிறதா என்று குனிந்து பார்த்தேன்.

கோகுலராஜ் கவனிக்கவில்லை. சிரித்துக்கொண்டே போனார்.

"எங்க பெரியவரு இது சங்கேதம்னுட்டாரு. 'இல்ல சேர், இது தோட்டத்துப் பெரட்டு, கங்காணி ஆள் கூப்புடுறாரு'ன்னு நான் சொன்னேன். 'சண்டைக்கு நடுவுல எவன்டா கொழுந்து எடுக்குறான்?'ன்னு ஏசுனாரு. மூக்காயின்னா ஒரு பீரங்கியாம். அஞ்சலைக்குக் காய்ச்சல்னா அந்தப் பீரங்கி ரிப்பேராம்! பேருக்குப் பேரு நடுவுல கொஞ்சம் சத்தமில்லாம இருக்கும், பாருங்க. அந்த எடத்துல மத்தவன் பதில் சொல்றான், அது வேற அலைவரிசையில வருது, அதைப் புடின்னாங்க. மாசக்கணக்கா நானும் இன்னொருத்தனும் தேடுனோம். காத்துல ஒண்ணுமே இல்ல."

நான் என் சட்டத்தை மீறினேன். "தம்பி, அந்தக் குரலுக்குப் பேர் என்ன?" என்று கேட்டேன்.

"பேரு யாருக்குத் தெரியும் சேர்? நாங்க வச்ச பேரு கங்காணி."

தேநீரைக் குடிக்காமல் எழுந்துவிட்டேன். ஜீவராஜ் என் அக்கா மகன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸில் வரும்போது என்னை நானே சந்தேகப்பட்டேன். வயதான மனம் தனக்கு வேண்டியதைக் கேட்டுக்கொள்ளும். வீட்டுக்கு வந்து திரும்பப் போட்டுக் கேட்டேன். சந்தேகமில்லை. அத்தானின் பெரட்டை வன்னியில் இருந்துகொண்டு கூப்பிட, ஜீவாவைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

அந்தக் குரலைக் கடைசியாகக் கேட்ட நாள் என்று ஒன்றையும் அவர் சொன்னார். அது இந்தக் கடிதத்தில் இல்லை. எழுதவா, வேண்டாமா என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

சுந்தரலிங்கம்


மஸ்கெலியா,
25.03.2024

அன்பான அக்காவுக்கு,

உங்கள் பதில் வருவதற்குள் இதை எழுத வேண்டியதாகிவிட்டது.

ஒருவருடைய குரலை வாங்கிக்கொண்டு, அது என் வீட்டுக் கதை என்பதை மறைத்து வைப்பது திருட்டு என்று எனக்குத் தோன்றியது. நேற்று மறுபடி உடப்புசல்லாவைக்குப் போய்க் கோகுலராஜிடம் உண்மையைச் சொன்னேன். "நீங்கள் கங்காணி என்று பேர் வைத்த பையன் என் அக்கா மகன். அவள் அவனைத் தேடிக் கூடாரத்தில் உட்கார்ந்திருக்கிறாள்" என்றேன்.

மனிதர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்.

"சேர், அதை அழிச்சிருங்க."

"தம்பி, கொஞ்சம் யோசித்து..."

"யோசிக்க என்னா இருக்கு? நாளைக்கு அந்தம்மா வழக்குப் போடுவாங்க. கமிஷன்ல கூப்புடுவாங்க. நீதான் கடைசியாக் கேட்டவன், சொல்லும்பாங்க. பழைய ஆளுங்க வந்து என்னாடா வெளிய பேசுனேன்னு கேப்பாங்க. நம்ம ஆளுங்களுக்கு நான் ஆர்மிக்காரன், ஆர்மிக்கு நான் தமிழன். எனக்குன்னு பேச எவன் வருவான்? அழிச்சிருங்க சேர். சொன்னதை எடுக்கச் சொன்னா எடுப்பேன்னு நீங்கதான சொன்னீங்க?"

சொன்னேன் அக்கா. அந்த வாக்கைக் கொடுத்துத்தான் அவர் வீட்டுக்குள் காலை வைத்தேன். கருவியை எடுத்து, அவர் கண் முன்னாலேயே அழித்தேன். வேறு பிரதி எடுக்கவில்லை. விரல் அந்தப் பொத்தானில் பட்டபோது ஏதோ முறிந்தது போல இருந்தது. எனக்குள்ளா, வெளியிலா என்று தெரியவில்லை.

அவர் சொன்னதில் நான் கேட்டு எழுதியதை முந்திய கடிதத்தில் அனுப்பிவிட்டேன். அதை வைத்துக்கொள்ளுங்கள். வாக்கைக் காப்பாற்றினேனா, அல்லது பயந்த இன்னொரு மனிதரைக் கண்டு நானும் பயந்துவிட்டேனா? எனக்கே தெளிவில்லை.

உங்கள் தம்பி,
சுந்தரலிங்கம்


கிளிநொச்சி,
26.03.2024

என் தம்பி சுந்தரத்துக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. படித்துவிட்டு வேலிப் பக்கம் போய் நின்றேன். பிறகு எங்கே போனேன், எப்படி வந்தேன் என்று எனக்கு நினைவில்லை. நிஷாந்தி கையைப் பிடித்துக் கூட்டிவந்து பாயில் உட்கார வைத்தாளாம்.

அது ஜீவாதான். நீ சந்தேகப்பட வேண்டாம். நீ எழுதாத ஒன்றை நான் உனக்குச் சொல்கிறேன், கேள்.

அந்த இடைவெளி என்னுடையது.

இங்கே வந்த புதிதில் எங்களுக்கு நிலமும் இல்லை, சொந்தமும் இல்லை. சாயங்காலமானால் உன் அத்தான் கவிழ்த்த பெட்டிமேல் ஏறி நின்று பெரட்டுக் கூப்பிடுவார். எதிரே ஆள் என்று நான் ஒருத்திதான். மூக்காயிக்கும் நான், அஞ்சலைக்கும் நான். மூக்காயிக்குப் பல்லில்லாத குரல் வைப்பேன். அஞ்சலைக்கு மூக்கால் அழுவேன்: "காச்சலுங்கய்யா, கண்ணே தெரியலீங்கய்யா." ஜீவா பிறந்து நடக்கத் தொடங்கியதும் அவனுக்குக் கணக்கப்பிள்ளை வேலை கொடுத்தோம். சிரித்துச் சிரித்துக் கீழே விழுவான். அவர் செத்த பிறகு பெட்டிமேல் அவன் ஏறினான். "அம்மா, அஞ்சலைய இன்னும் கொஞ்சம் அழ விடுங்க" என்பான்.

அங்கே போயும் கூப்பிட்டிருக்கிறான். நான் பேச வேண்டிய இடத்தில் பேசாமல் விட்டு, நான் சொல்லி முடிக்கும் நேரம் வரை பொறுத்திருந்து, பிறகு அடுத்ததைப் பேசியிருக்கிறான். அவர்கள் அதைக் காற்றில் தேடினார்களாம்! நான் தர்மபுரத்தில், பதுங்குகுழிக்குள், வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்குக் காது கேட்டது தம்பி. குரலும் இருந்தது. செல் குண்டு விழுந்து காது போனது அதற்குப் பிறகு.

எனக்கு அந்தப் பதிவு வேண்டும். கேட்க முடியாதவளுக்கு எதற்கு என்று நினைக்காதே. என் பெட்டியில் இருக்கட்டும். தபாலில் போடாதே, நீயே கொண்டு வா. ஒரு எழுத்துக்கூட அதில் குறையக் கூடாது.

கடைசி நாள் எது என்று எழுதாதே. வைகாசியில் செத்தவர்களுக்காக எல்லாரும் விளக்கேற்றும்போது நான் மட்டும் ஏற்றாமல் நிற்கிறேன். ஏற்றினால் இல்லை என்று ஆகிவிடும். ஒரு காகிதம் வந்து சொல்லி நான் விளக்கேற்ற மாட்டேன்.

உன் அக்கா,
சீதாலெட்சுமி


மஸ்கெலியா,
04.04.2024

அக்கா,

உங்கள் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நீங்கள் கேட்டது என்னிடம் இல்லை. நீங்கள் கேட்பதற்கு முன்பே நான் அழித்துவிட்டேன்.

நாற்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன். அந்த இடைவெளியில் யார் இருந்தார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதிகாரிகள் வானத்தில் தேடினார்கள். நான் அதுகூடச் செய்யவில்லை. கேட்டேன், பதிந்தேன், அழித்தேன்.

ஹட்டனில் எங்கள் கணினி வேலைகளைப் பார்க்கும் தர்ஷனிடம் கருவியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்ப எடுக்க முடியுமா என்று அவர் பாதி நாள் போராடினார். "சேர், நீங்க ஒரு வேலையையும் அரைகுறையாச் செய்ய மாட்டீங்களே" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. எனக்கு அது தாங்கவில்லை.

என்னைத் திட்டியாவது நாலு வரி எழுதுங்கள்.

சுந்தரலிங்கம்


மஸ்கெலியா,
06.05.2024

அன்பான அக்காவுக்கு,

ஒரு மாதம் தாண்டிவிட்டது. தபாற்காரர் இப்போதெல்லாம் தூரத்தில் வரும்போதே தலையை ஆட்டிவிடுகிறார், நான் எழுந்து வரக் கூடாது என்று. இதையும் நீங்கள் பிரிக்காமல் வைக்கலாம். ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேற்று மறுபடியும் உடப்புசல்லாவைக்குப் போனேன். உங்களைக் கேட்காமல் செய்தது. வழியெல்லாம் திரும்பிவிடலாம் என்றே நினைத்துக்கொண்டு போனேன். கோகுலராஜ் லொறியைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "சேர், நான் எதுக்கும் வரமாட்டேன்னு சொல்லிட்டேனே" என்றார்.

"உங்களை எதற்கும் கூப்பிட வரவில்லை. கருவியும் கொண்டு வரவில்லை. ஒரு கடிதம் இருக்கிறது. வாசிக்கலாமா?" என்றேன்.

நின்றபடியே வாசித்தேன். பெட்டிமேல் ஏறி அத்தான் கூப்பிட்டது, நீங்கள் மூக்காயியும் அஞ்சலையுமாகப் பேசியது, எல்லாம். 'அந்த இடைவெளி என்னுடையது' என்ற இடத்தில் அவர் கையிலிருந்த குழாய் நழுவித் தண்ணீர் என் செருப்பின்மேல் ஓடியது. அவர் எடுக்கவில்லை.

"அப்ப அது அம்மாவா?" என்றார்.

பிறகு சொன்னார்: "சேர், இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. கேட்டா பைத்தியம்பாங்க. அந்த எடத்துல நான் சொல்லுவேன்."

எனக்கு விளங்கவில்லை. "என்ன சொல்வீர்கள்?"

"பதில் சேர். மூக்காயின்னு கூப்புடுவாரு. சத்தமே இருக்காது. எனக்கு அது தாங்காது. பெரட்டுல பேரு கூப்புட்டா யாராச்சும் 'இருக்கேங்க'ன்னு சொல்லணும்ல? சொல்லலைன்னா அன்னைக்குப் பேரு விழாதே! மெதுவா, வாய்க்குள்ளேயே, 'இருக்கேங்கய்யா'ன்னுருவேன். அஞ்சலைக்கு 'காய்ச்சலுங்க'ன்னு சொல்லுவேன். பக்கத்துல இருந்த சிங்களப் பையன் கேட்டான், 'யாருக்குடா பதில் சொல்றே, நம்ம சத்தம் அங்க போகாதே'ன்னு. போகாதுன்னு எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு நாள்கூட விட்டதில்ல சேர்."

அக்கா, நான் அங்கேயே, ஈரத்தில், லொறிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். பீரங்கிகளைத் தேடிய அந்த அறையில், ஜீவா பேர் கூப்பிட்ட ஒவ்வொரு காலையும், எதிரியின் சட்டையைப் போட்ட ஒரு தோட்டத்துப் பையன் உங்கள் இடத்தில் நின்று பதில் சொல்லியிருக்கிறான். இதை எந்தப் பெயரிட்டு எங்கே எழுதி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

புறப்படும்போது அவராகவே சொன்னார்: "அம்மா வரச் சொன்னா வாறேன் சேர். அந்தக் கடைசி நாளையும் அவங்ககிட்டதான் சொல்லணும். ஆனா மெஷின் வேணாம். கூடாரத்துக்கும் வேணாம்."

மற்றது உங்கள் விருப்பம்.

சுந்தரலிங்கம்


கிளிநொச்சி,
23.05.2024

தம்பி சுந்தரத்துக்கு,

உன் கடிதங்கள் எல்லாவற்றையும் பிரித்தேன். பதில் எழுதாதது கோபத்தில்தான். நீ அழித்ததை நான் மன்னிக்கவில்லை. அதை இந்தக் கடிதத்தோடு சேர்க்காதே. அது உனக்கும் எனக்கும் இடையில் தனியாக இருக்கட்டும். ஒரு வார்த்தை என்னைக் கேட்டுவிட்டு அழித்திருக்கலாம். உனக்கு எப்போதும் எதிரே நிற்கிறவன் சொன்னது மட்டும்தான் காதில் விழும்.

இந்த வருடமும் பதினெட்டாம் தேதி நான் விளக்கேற்றவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள். ஒருவர் வர வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். ஜீவா என்று நினைத்துக்கொண்டு கையைப் பிடித்து அழுதார்கள். நான் திருத்தவில்லை.

அந்தப் பிள்ளையைக் கூட்டி வா. கூடாரத்துக்கு இல்லை, வீட்டுக்கு. அவன் போட்டிருந்த சட்டையை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதையும் அவனிடம் சொல்லிவிடு, மறைக்காதே. தெரிந்துகொண்டு வரட்டும். என் இடத்தில் நின்றவனை என்னால் வாசலில் நிறுத்த முடியாது. ஹட்டனிலிருந்து காலை பஸ் பிடித்தால் இருட்டுவதற்குள் வந்துவிடலாம். நெத்திலிக் கருவாடு சாப்பிடுவானா என்று கேட்டு வை.

அவன் எனக்கு எதிரே உட்கார வேண்டும், வெளிச்சம் அவன் முகத்தில் விழுகிற மாதிரி. என் மகன் எப்படிக் கூப்பிட்டானோ அப்படியே கூப்பிடட்டும். எனக்குக் கேட்காது, தெரியும். ஆனால் யாருடைய பேருக்குப் பிறகு யாருடைய பேர், நான் பேச வேண்டிய இடம் எங்கே வரும் என்பதற்கு எனக்குக் காது தேவையில்லை. அவன் வாயை நிறுத்தினால் நான் சொல்வேன். முழுப் பெரட்டும் முடிய வேண்டும். முடிந்த பிறகு அந்தக் கடைசி நாளை அவன் சொல்லட்டும். அவன் வாயைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். விளக்கேற்றுவதா வேண்டாமா என்று அப்புறம் பார்க்கலாம்.

நீ கதவோரம் உட்கார். ஒன்றும் பேசாதே. உனக்கு அது நன்றாக வரும்.

ஒரு விஷயம்தான் பயமாக இருக்கிறது. காது போன பிறகு நான் அவ்வளவாக வாய் திறப்பதில்லை. குரல் எப்படி இருக்கிறதென்று எனக்கே தெரியாது. நேற்று மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, பாயில் உட்கார்ந்து அஞ்சலையைச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நிஷாந்தி வேலியைத் தாண்டி ஓடிவந்து, யார் அழுவது என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆகவே வருகிறது.

உன் அக்கா,
சீதாலெட்சுமி